ராஜா வராத புதன்கிழமை

ராஜா வரவில்லை. மந்திரி வந்தாயிற்று, காவலாளி வந்தாயிற்று, வரிசையில் நிற்க வேண்டிய பொதுஜனம் முழுக்க வந்து, வரிசையில் நிற்காமல் ஜன்னலோரமாக உட்கார்ந்து கதையளந்துகொண்டிருக்கிறது. ராஜாவின் நாற்காலி மட்டும் காலி.

ராஜா வேறு யாருமில்லை, என் சம்பந்தியம்மா. என் மகளுடைய மாமியார். கட்டைக்குரல், நல்ல உயரம், எதிரே யார் வந்தாலும் ஒற்றைப் புருவத்தைத் தூக்கிப் பார்க்கிற பார்வை. ராஜா வேஷத்துக்கு நாங்கள் ஆளே தேடவில்லை, இவரைப் பார்த்துத்தான் நாடகத்தையே எழுதினோம். மாறுவேடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு ராஜா, டோக்கன் வாங்கி வரிசையில் நிற்கத் தெரியாமல் படுகிற பாடுதான் கதை. சனிக்கிழமை எங்கள் பெண்கள் சங்கத்தின் ஆண்டு விழா. அதற்கு முந்தின இந்தப் புதன்கிழமைதான் கடைசி ஒத்திகை.

நான் காவலாளி. எனக்கு மொத்த வசனமே "வரிசையில வாங்க"தான். அதனால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது.

சலவைக் கடைக்கு மேலே இருக்கிற நீளமான அறை அது. கீழே மெஷின்கள் சுற்றும்போது எங்கள் தரையும் கொஞ்சம் உதறும். புதன்கிழமை மத்தியானம் ஆனால் அங்கே கூடிவிடுவோம். பாடுவோம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைக் காலை நீட்டி உடற்பயிற்சி செய்வோம், ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைப்போம். மிச்ச நேரத்தில் மருமகள்களைப் பற்றிப் பேசுவோம். சரி, உண்மையைச் சொன்னால் மிச்ச நேரம்தான் அதிகம்.

சம்பந்தி நேரம் கழித்து வருகிற ரகமே இல்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலிகளை எடுத்துப் போட்டு, பின்னால் வருகிறவர்களை, "வாங்க வாங்க, இப்பதான் விடிஞ்சுதா?" என்று கேட்கிற ரகம்.

போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"ராஜான்னா அப்படித்தான். நம்மளைக் காக்க வச்சாத்தான் மரியாதை" என்றது பொதுஜனத்தில் ஒன்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மறுபடியும் போன் போட்டேன்.

நாடகத்தை நடத்துகிற நர்ஸம்மா கையைத் தட்டினாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகிவிட்டது, இன்னும் எங்களை எல்லாம் வார்டு நோயாளிகளாகத்தான் நடத்துவாள். "காவலாளி, போனை உள்ள வையுங்க. காலையில உங்களுக்கு மணி வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அப்புறம் என்ன? நல்லாத்தான் இருக்காங்க. குளிச்சிட்டிருப்பாங்க. நான் ராஜா வசனத்தைப் படிக்கிறேன், ஆரம்பிங்க."

அந்த மணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களில் பாதிப் பேர் தனியாக இருக்கிறவர்கள். முன்பு ஒருத்தி வீட்டுக்குள்ளேயே மயங்கி விழுந்து, அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாமலே கிடந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் போட்ட ஏற்பாடு இது. காலையில் எழுந்ததும் நூலகத்தம்மா என் சம்பந்திக்கு ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவாள். எடுத்துப் பேச வேண்டியதில்லை. அது வந்ததும் சம்பந்தி தையலக்காவுக்கு அடிப்பார். தையலக்கா எனக்கு. நான் நர்ஸம்மாவுக்கு. இப்படியே கைமாறிக் கைமாறிப் போய்க் கடைசி ஆள் நூலகத்தம்மாவுக்கு அடித்தால் வட்டம் முடிந்தது, எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம் என்று அர்த்தம். யாருக்காவது மணி வரவில்லை என்றால், தனக்கு முன்னால் இருக்கிறவளின் வீட்டுக் கதவைப் போய்த் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஆக, தையலக்காவின் மணி எனக்கு வந்துவிட்டால் என் சம்பந்தி எழுந்துவிட்டார் என்று கணக்கு. அந்த நிம்மதியில்தான் எனக்குக் காலைக் காபியே இறங்கும். மகளும் மாப்பிள்ளையும் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குக் கிளம்பியபோது, மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தையை நீ பாத்துக்கம்மா. அவங்க யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டேன்னு எதையும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டியவள் நான்.

ஒத்திகை ஆரம்பித்தது. நர்ஸம்மா ராஜாவாகப் பேசினாள். ஊசி போடப் போகிற மாதிரியே பேசினாள். "வரிசையில வாங்க" என்று நான் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல மறந்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும், மனசு எழும், கீழ்க்கடைக்குப் போகிற யாரோவாக இருக்கும்.

குளிக்கிறவர் இவ்வளவு நேரமா குளிப்பார்? திங்கட்கிழமை சாயங்காலம் பேசியபோது குரலில் ஏதாவது தெரிந்ததா? இல்லையே, என் முட்டிவலியைக் கிண்டல் செய்தாரே.

சுவரோரம் தையலக்கா ராஜாவின் கோட்டை மடியில் போட்டு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். தையற்கடை வைத்திருக்கிறவள். வயதில் எனக்கு இளையவள்தான், ஆனாலும் ஊருக்கே அக்கா. அவள் தலையைக் குனிந்த குனிவே எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்குக் காலையில மணி வந்துச்சுல்ல?"

"ம்."

"அவங்க போன்லேர்ந்துதானே வந்துச்சு?"

ஊசி நின்றது. அவள் என்னைப் பார்க்காமல், அறையின் மறு கோடியில் இருந்த நூலகத்தம்மாவைப் பார்த்தாள்.

"என்னடி? என்னைப் பார்த்துச் சொல்லு."

"அவ எனக்கு மணி அடிக்கிறதே இல்லக்கா. அந்தக் கோட்டுச் சண்டையிலேர்ந்து."

"அப்ப நீ எனக்கு எப்படி அடிச்சே?"

"நூலகத்தம்மா எனக்கு அடிப்பாங்க. அது வந்ததும் உங்களுக்கு நான் அடிப்பேன்."

நூலகத்தம்மா எழுந்து வந்தாள். வாழ்நாள் முழுக்கப் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தவள், இன்னும் உரக்கப் பேச வராது.

"சண்டை முத்திடக் கூடாதேன்னுதாங்க... அவங்களுக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு, ரெண்டு பேருக்கும் நானே அடிச்சிடுவேன். ரெண்டு பேரும் சமாதானமாயிட்டா பழையபடி மாத்திக்கலாம்னு நெனச்சேன். வட்டம் நின்னுடக் கூடாதுல்ல?"

வட்டம் நிற்கவில்லைதான். என் சம்பந்தியை வெளியே விட்டுவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு அது பாட்டுக்குத் தினமும் ஓடியிருக்கிறது. அவருக்கு மணி போகும், அவரிடமிருந்து யாருக்கும் வராது. அவர் எழுந்தாரா இல்லையா என்று இத்தனை நாளாக ஒருவருக்கும் தெரியாது. நான் மட்டும் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கீழே மெஷின் சுற்றுவது மட்டும் காலுக்கு அடியில் தெரிந்தது.

"கடைசியா அவங்களை யாரு பார்த்தது?" நர்ஸம்மா கேட்டாள். குரல் மாறியிருந்தது.

ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கடையில் பார்த்ததாகச் சொன்னாள். நான் திங்கட்கிழமை பேசியதைச் சொன்னேன். நேற்று? யாருமே பார்க்கவில்லை.

நர்ஸம்மா தன் பையை எடுத்தாள். நூலகத்தம்மாவிடம், "நீங்க இங்கேயே இருந்து அவங்க போனுக்கு விடாம அடிச்சிட்டே இருங்க" என்றாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தையலக்கா படியில் இறங்கிவிட்டாள். மடியில் இருந்த கோட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை, குண்டூசி குத்தியபடியே கையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அந்தக் கோட்டுதான் வினை. நீலப் பட்டுத்துணியில் தங்கச் சரிகை வைத்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்துக் கொண்டுவந்தாள் தையலக்கா. எல்லோர் முன்னாலும் அதைப் பிரித்துக் காட்டினபோது என் சம்பந்தி புருவத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ராஜா கோட்டா, சோபா உறையா?" என்று கேட்டுவிட்டார். அறையே சிரித்தது. அவர் சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் சிரிப்பு நிற்கவே இல்லை, பாருங்கள். அதில்தான் தையலக்காவின் முகம் சுண்டிப்போனது. கழுத்துக் கயிற்றில் கத்தரிக்கோலோடு கோத்து வைத்திருந்த சாவியைக் கழற்றி மேஜைமேல் டக்கென்று வைத்தாள். "உன் வீட்டுச் சாவி. நீயே வச்சுக்க." சம்பந்தி அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்திலிருந்து வாடி போடி என்று பழகிய இரண்டு பேர், அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

சாவியும் எங்கள் ஏற்பாடுதான். தனியாக இருக்கிறவர்கள் இன்னொரு சாவியை நம்பிக்கையான ஒருத்தியிடம் கொடுத்துவைக்க வேண்டும், உள்தாழ்ப்பாள் போடக் கூடாது. என் சம்பந்தி என்னிடம்தான் கொடுப்பார் என்று நான் நினைத்திருந்தேன். "உங்ககிட்ட சாவி குடுத்தா என் அலமாரி லட்சணம் உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சு போயிடுமே சம்பந்தி" என்று சொல்லிவிட்டுத் தையலக்காவிடம் கொடுத்தார். கொஞ்சம் மனத்தாங்கல்தான் எனக்கு, இல்லையென்று சொல்ல மாட்டேன். இப்போது அந்தச் சாவியும் யாரிடமும் இல்லை.

தெருவில் நடந்தேன் என்று சொல்ல முடியாது, உருண்டேன். சைக்கிள் கடைக்காரர் யாருடைய டியூபையோ தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். ரொட்டிக் கடை அடுப்பிலிருந்து சூடு அடித்தது. எல்லாம் வழக்கம்போலவே இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மனசுக்குள் சம்பந்தியைத் திட்டிக்கொண்டே போனேன். என்ன வாய் அது, அடங்காத வாய். ஒரு கோட்டு நல்லாயிருக்கு என்று சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்? திட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் அவர் நன்றாக இருக்கிறார் என்று ஒரு நினைப்பு.

சிக்னலில் நிற்கும்போது போன் அடித்தது. மாப்பிள்ளை.

"அத்தை, அம்மா போனே எடுக்க மாட்டேங்கறாங்க. நேத்து ராத்திரியும் எடுக்கல. இப்ப அடிச்சா பிஸி பிஸின்னு வருது. அங்க சங்கத்துல இருக்காங்களா?"

நூலகத்தம்மா விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறாள், அதுதான் பிஸி.

"ஒத்திகை மாப்பிள்ளை. ராஜான்னா சும்மாவா, ஒரே ஆர்ப்பாட்டம்" என்றேன்.

"அப்பாடா. முடிஞ்சதும் பேசச் சொல்லுங்க அத்தை."

"சொல்றேன், சொல்றேன்."

வைத்துவிட்டேன். தையலக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பச்சை விழுந்தது.

நேற்று ராத்திரியும் எடுக்கவில்லை.

அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று காகிதம் ஒட்டியிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். முட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வி கேட்டது. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது இருவரும் கதவுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். மிதியடிமேல் செய்தித்தாள் கிடந்தது.

"இன்னைக்குப் பேப்பர் மட்டும்தான் கெடக்கு. நேத்துப் பேப்பரை எடுத்திருக்காங்க" என்றாள் நர்ஸம்மா. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவளுக்கே தெரியவில்லை.

அழைப்பு மணியை அழுத்தினோம். கதவைத் தட்டினோம். "சம்பந்தி!" என்று கூப்பிட்டேன். உள்ளே போன் அடிப்பது கேட்டது. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. ஒரே இடத்திலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அதை நோக்கி நடக்கவில்லை.

"கதவை உடைக்கணும், இல்ல பூட்டுக்காரரைக் கூட்டிட்டு வரணும்" என்று நர்ஸம்மா எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.

"இருங்க" என்றாள் தையலக்கா.

கோட்டை என் கையில் திணித்துவிட்டுக் கழுத்துக் கயிற்றை வெளியே இழுத்தாள். சின்னக் கத்தரிக்கோல், அதன் பக்கத்தில் ஒரு சாவி.

"அன்னைக்கு நான் குடுத்தது என் பழைய மெஷின் பெட்டிச் சாவி" என்றாள்.

"என்னடி சொல்றே?"

"கோபம்னா கோபம்க்கா. அதுக்காக சாவியைக் குடுத்துட முடியுமா? அவ ஒண்டியா இருக்கறவ."

அவளுடைய கையில் சாவி துவாரத்தைத் தேடித் தேடித் தவறியது. ஊசியில் நூல் கோக்கிற கை. நர்ஸம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சாவி நுழைந்தது, திரும்பியது, பூட்டு விலகுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. இரண்டு சாவியும் தன்னிடமே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷி, உள்தாழ்ப்பாளைப் போடாமல் விடுவாரா? யாருக்காக விட வேண்டும்?

"தாழ்ப்பாள் போட்டிருந்தா?" என்றேன்.

தையலக்கா தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு திறந்துகொண்டது.

பட்டப்பகலில் கூடத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோபாவில் போன் துடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ராஜாவின் வசனம் ஒட்டியிருந்தது. நர்ஸம்மா எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். "இங்க இருக்காங்க!" என்று அவள் கத்தினாள். அந்தக் கத்தலில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் தரையில் கிடந்தார். பக்கத்தில் ஒரு முக்காலி கவிழ்ந்திருந்தது. அட்டைக் கிரீடம் ஒன்று நசுங்கிக் கிடந்தது. ராஜாவுக்குக் கிரீடம் வேண்டுமென்று அலமாரிமேலிருந்து பேரக்குழந்தைகளின் பழைய விளையாட்டுப் பெட்டியை எடுக்க நேற்று சாயங்காலம் ஏறியிருக்கிறார். கால்மிதியை இழுத்து மேலே போர்த்திக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்த்தது.

"போன் அடிச்சிட்டே இருக்கே" என்றார், குரல் வராமல். "எழுந்து போக முடியல."

நர்ஸம்மா நாடி பார்த்தாள், காலைத் தொட்டாள். தொட்டதும் சம்பந்தியின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. "இடுப்பெலும்பா இருக்கலாம். யாரும் தூக்காதீங்க, அசைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்சுக்குப் பேசினாள். நான் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். உடம்பு சில்லிட்டிருந்தது.

தையலக்கா என் கையிலிருந்து கோட்டைப் பிடுங்கினாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் அதைப் போர்த்திவிட்டாள். சம்பந்தியின் விரல் மெதுவாகச் சரிகையைத் தடவியது.

"சோபா உறை... கதகதன்னுதான் இருக்கு."

"வாயை மூடுடி" என்றாள் தையலக்கா. ஊசிகள் வாயில் இருந்ததால் சரியாகச் சொல்ல வரவில்லை. கண்ணீர் மட்டும் சரியாக வந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவரைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுக்கச் சொன்னாள் நர்ஸம்மா. எனக்கு எதைக் கேட்பதென்று தெரியவில்லை. மனசில் நின்றதையே கேட்டேன்.

"தாழ்ப்பாள் ஏன் சம்பந்தி போடல? சாவிதான் உங்க கைக்கே வந்துடுச்சே."

"அன்னைக்கே வந்து அந்தச் சாவியைப் போட்டுப் பார்த்தேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "பூட்டுக்குள்ள பாதிகூட நுழையல."

"அப்ப என் சாவி எங்கேன்னு இவகிட்ட கேட்டிருக்கலாம்ல?"

சம்பந்தி என்னைப் பார்க்கவில்லை. வாயில் ஊசிகளோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"கேட்டா குடுத்துடுவாளே."

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அவரைக் கோட்டோடேயே தூக்கி வைத்து, லிஃப்ட் இல்லாத அந்தப் படிகளில் சாய்த்துச் சாய்த்து இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. கால் சரியாகுமா, பழையபடி நடப்பாரா, ஒன்றும் தெரியாது. "படம் எடுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்று மட்டும் சொன்னார்கள்.

வாசலைத் தாண்டும்போது சம்பந்தி தலையைக் கொஞ்சம் திருப்பினார்.

"பூட்டிட்டு வாடி" என்றார்.

தையலக்கா கதவைச் சாத்திப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். சாவியைக் கயிற்றோடு உள்ளே போட்டுக்கொண்டு ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் ஓடினாள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, படியில் நின்றபடியே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்ன அத்தை, ராஜா ஒத்திகை முடிஞ்சுதா?"